ஸ்கெர்ரிவோர்: எடையை நம்பி எழுந்த கோபுரம்

கடலுக்கு நடுவே பாறைமேல் நிற்கும் கலங்கரை விளக்கங்களில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது, ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் இருக்கும் ஸ்கெர்ரிவோர். அதன் புகைப்படங்களைவிட அதன் குறுக்குவெட்டு வரைபடத்தையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அடியில் 42 அடி விட்டத்தில் அகன்று தொடங்கும் கருங்கல் கட்டு, மேலே போகப்போக உள்வாங்கி, உச்சியில் 16 அடியாகச் சுருங்குகிறது. அந்த வளைகோட்டில் எந்த இடத்திலும் ஒரு திடீர்த் திருப்பம் இல்லை. அழகுக்காக வரைந்த கோடு என்றே முதலில் தோன்றும். உண்மையில் அது ஒரு கணக்கின் விடை. அந்தக் கணக்கைப் போட்டவர் ஆலன் ஸ்டீவன்சன் என்னும் பொறியாளர். இன்று அவர் பெயரைவிட அவருடைய தம்பி மகனான எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் பெயரே உலகுக்குத் தெரிந்திருக்கிறது என்பதில் எனக்குச் சற்று வருத்தம் உண்டு.

உள் ஹெப்ரிடீஸ் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த டைரீ தீவிலிருந்து தென்மேற்கே ஏறக்குறைய 12 மைல் தொலைவில், அட்லாண்டிக் பெருங்கடல் தடையின்றி வந்து மோதும் இடத்தில், மைல்கணக்கில் நீளும் ஒரு பாறைத்தொடர் இருக்கிறது. அதில் பெரும்பகுதி நீருக்கு அடியில் மறைந்து கிடப்பது. ஓதம் உயரும்போதும் தலைகாட்டும் பாறைகள் மிகச் சிலவே. கிளைடு நதித் துறைமுகங்களுக்கும் வட அயர்லாந்துக்கும் போய்வந்த கப்பல்களுக்கு அந்தத் தொடர் தீராத ஆபத்தாக இருந்தது. 1790 முதல் 1844 வரை முப்பதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் அங்கே அழிந்தன என்பது பதிவில் உள்ள செய்தி. இரவில் மோதி, சாட்சி சொல்ல ஒருவரும் மிஞ்சாமல் போன கப்பல்கள் எந்தப் பதிவிலும் ஏறியிருக்க முடியாது என்பதால், உண்மையான எண்ணிக்கை அதைவிடக் கூடுதலாகவே இருந்திருக்க வேண்டும்.

ஆலனின் தந்தை ராபர்ட் ஸ்டீவன்சன் வடக்குக் கலங்கரை விளக்க வாரியத்தின் பொறியாளர். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடலில் பெல் ராக் என்னும் பாறைமேல் கோபுரம் எழுப்பிப் பெயர் பெற்றவர். அவர் 1804-லேயே ஸ்கெர்ரிவோரைப் பார்த்திருந்தார். 1814-இல் வாரிய உறுப்பினர்களோடு மீண்டும் அங்கே சென்றார். அந்தப் பயணத்தில் எழுத்தாளர் வால்டர் ஸ்காட்டும் உடன் இருந்தார். கடல் கொந்தளித்ததால் உறுப்பினர்கள் பாறையில் இறங்காமலே திரும்பிவிட விரும்பினார்கள். ராபர்ட் விடாப்பிடியாக நின்று இறங்கி அளந்தார். அதே ஆண்டில் நாடாளுமன்றச் சட்டமும் நிறைவேறியது. ஆனால் இப்படிப்பட்ட இடத்தில் கட்டுவதற்கு ஆகும் செலவையும் ஆபத்தையும் நினைத்து வாரியம் தயங்கியதில் இருபது ஆண்டுகளுக்கும் மேல் கழிந்துவிட்டன. வேலை உண்மையில் தொடங்கிய 1838-இல் பொறுப்பு ஆலனிடம் வந்தது. அப்போது அவருக்கு வயது முப்பதை ஒட்டி இருந்தது.

பாறையின் தன்மையைச் சொல்லாமல் அந்த வேலையின் கடுமையைச் சொல்ல முடியாது. அது நைஸ் என்னும் பழமையான, மிகக் கடினமான பாறை. பல்லாயிரம் ஆண்டுகளாக அலை தேய்த்துத் தேய்த்து அதன் மேற்பரப்பை வழவழப்பாக்கி வைத்திருந்தது. படகிலிருந்து அதன்மேல் தாவுவது கண்ணாடிப் பாட்டிலின் பக்கவாட்டில் ஏறுவதைப் போன்றது என்று அங்கே வேலை செய்த ஒருவர் சொன்னதை ஆலன் குறித்து வைத்திருக்கிறார். பாறையின் பிளவு ஒன்றுக்குள் புகும் அலை, உள்ளே ஒரு குகையில் அடைபட்டு, மேலே உள்ள துளை வழியாக ஊற்றாகப் பீறிட்டு எழுமாம். உயிரைப் பணயம் வைத்துக் கட்டிக்கொண்டிருந்த காலத்திலும் அந்த நீரூற்றின் அழகை நின்று பார்த்து, அதைப் பொறுமையாக எழுதிவைக்கவும் அவருக்கு மனம் இருந்திருக்கிறது.

முதல் வேலை, தொழிலாளர்கள் தங்குவதற்கான இடம். ஒவ்வொரு நாளும் டைரீயிலிருந்து வந்து திரும்புவது நடக்காத காரியம். கடல் அமைதியாக இருக்கும் சில மணி நேரத்தை வீணாக்காமல் இருக்க வேண்டுமானால் பாறையிலேயே இருந்தாக வேண்டும். எனவே பாறையில் குழி துளைத்து, இரும்புப் பிடிகளை இறுக்கி, சாய்ந்து நிற்கும் மரத்தூண்களின்மேல் ஒரு குடியிருப்பை அமைக்கத் திட்டமிட்டார்கள். 1838-ஆம் ஆண்டுப் பருவம் முழுவதும் அந்தத் தூண்களை நிறுத்துவதிலேயே கழிந்தது. பருவம் முடிந்து எல்லோரும் கரை திரும்பிய பிறகு, நவம்பர் 3-ஆம் தேதி வீசிய புயல் அனைத்தையும் வாரிக்கொண்டு போய்விட்டது. ஆலன் திரும்ப வந்து பார்த்தபோது முறுக்கி வளைந்த இரும்புத் துண்டுகளும், அவற்றில் ஒன்றில் சிக்கி நார்நாராகக் கிழிந்த ஒரு மரத்துண்டுமே எஞ்சியிருந்தன.

அதன்பின் அவர் எடுத்த முடிவு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. திட்டத்தைக் கைவிடவில்லை, வேறு வடிவத்துக்கும் தாவவில்லை. அதே வடிவத்தில், இணைப்புகளை மட்டும் வலுப்படுத்தி, 1839-இல் மீண்டும் எழுப்பினார். அந்த இரண்டாம் குடியிருப்பு கட்டுமானம் முடியும்வரை நின்றது. அதன் உச்சி பாறையிலிருந்து ஏறக்குறைய 60 அடி உயரத்தில் இருந்தது. முப்பது பேர்வரை அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள். இரவில் பேரலை வந்து கூரைமேல் கொட்டுவதும், தூண்களோடு சேர்ந்து அறை முழுவதும் ஆடுவதும், கதவு இடுக்குகளிலிருந்து நீர் பீறிடுவதும், தூங்கிக்கொண்டிருந்தவர்கள் பதறி எழுவதும் அங்கே வழக்கமாக இருந்தன. ஆலன் அந்தக் குடியிருப்பில்தான் தங்கினார். பக்கத்தில் பாதுகாப்பாக நங்கூரமிட்ட கப்பலில் அல்ல. கடல் அடங்காமல் கரையோடு தொடர்பு அற்றுப்போன நாள்களில் புத்தகம் படித்துப் பொழுதைக் கழித்திருக்கிறார்.

அடித்தளக் குழியைப் பற்றி மட்டுமே ஒரு தனிக் கட்டுரை எழுதலாம். 42 அடி விட்டத்தில், துல்லியமாகச் சமதளமாக, நைஸ் பாறையைக் குடைய வேண்டும். வெடி வைக்காமல் முடியாது. ஆனால் அந்தச் சின்னஞ்சிறு பாறையில் வெடிக்கும்போது ஓடி ஒளிவதற்கு இடமே கிடையாது. தவிரவும், பெரிய வெடி வைத்தால் கோபுரம் நிற்கவேண்டிய பாறையே விரிசல் கண்டுவிடும். எனவே மருந்தை அளந்து அளந்து வைத்தார்கள். வெடிக்கும் இடத்தை வலைகளாலும் பாய்களாலும் மூடினார்கள். 296 வெடிகள், இருபது பேருக்கு 217 நாள் உழைப்பு, வெட்டி எடுத்துக் கடலில் தள்ளிய பாறை ஏறக்குறைய 2,000 டன். இத்தனையிலும் யாருக்கும் காயம் இல்லை. கட்டுமானம் முழுவதிலும் அந்தப் பாறையில் ஓர் உயிர்கூடப் போகவில்லை என்பதையே, கோபுரத்தின் உயரத்துக்கு முன்னால் வைத்து நான் மதிக்கிறேன்.

கல் டைரீ தீவிலிருந்துதான் முதலில் எடுக்கப்பட்டது. அங்கேயும் கிடைத்தது நைஸ்; வெட்டினால் பெரிய, பழுதில்லாத துண்டு அரிதாகவே தேறியது. அடி வரிசைகள் சிலவற்றோடு அதை நிறுத்திவிட்டு, மல் தீவின் தென்மேற்கு முனையில் கிடைக்கும் இளஞ்சிவப்புக் கிரானைட்டுக்கு மாறினார்கள். அந்த நிலத்துக்கு உரியவரான ஆர்கைல் பிரபு கல்லுக்கு விலை கேட்கவில்லை. வெட்டிய கற்கள் டைரீயில் ஹைனிஷ் என்னும் இடத்தில் அமைத்த பணிக்களத்துக்கு வந்தன. அங்கே கல்தச்சர்கள் ஒவ்வொரு கல்லையும் அதற்குரிய அச்சுப்பலகையோடு ஒப்பிட்டுச் செதுக்கினார்கள். ஒரு வட்ட வரிசைக்குரிய எல்லாக் கற்களும் முடிந்ததும், அவற்றைத் தரையிலேயே முழு வட்டமாக அடுக்கிப் பார்த்து, இடைவெளி சரியாக இருந்தால் எண் குறித்து, பிறகே கலத்தில் ஏற்றினார்கள். கடலுக்கு நடுவே போய், இந்தக் கல் பொருந்தவில்லை என்று உளியைக் கையில் எடுக்கும் நிலை வரக்கூடாது என்பது நோக்கம். கற்களை ஏற்றிய கலங்களை இழுத்துச் செல்வதற்கென்றே ஒரு நீராவிக் கப்பலையும் கட்டினார்கள். 1840 ஜூலை 7-ஆம் தேதி அடிக்கல் நாட்டப்பட்டது. அந்த ஆண்டுப் பருவம் முடியும்போது கட்டு எட்டடியைச் சற்றே தாண்டியிருந்தது. அகலமான அடி வரிசைகளே மிகுதியான கல்லை விழுங்கும். மேலே செல்லச் செல்ல வேகம் கூடும். 1842 ஜூலையில் கோபுரத்தின் கடைசிக் கல் வைக்கப்பட்டது. கட்டு மட்டும் 138 அடி 6 அங்குலம்; மேலே விளக்கறையையும் சேர்த்தால் 156 அடி, அதாவது 48 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. மொத்த எடை 4,308 டன். செலவு 86,977 பவுண்டு.

இனி அந்த வளைகோட்டுக்கு வருகிறேன்.

கடல்பாறைக் கோபுரங்களின் கட்டடக்கலையில், பொறியாளர் ஜான் ஸ்மீட்டன் 1759-இல் இங்கிலாந்தின் தென்மேற்குக் கடலில் எடிஸ்டோன் பாறைமேல் கட்டியதே முன்மாதிரி. ஓக் மரத்தின் அடிமரம் வேருக்கருகே அகன்று மேலே ஒடுங்குவதைப் பார்த்து அவர் தம் கோபுரத்துக்கு வடிவம் கொடுத்தார். கற்களைப் புறாவின் வால்போல் விரியும்படி செதுக்கி, ஒன்றோடொன்று பூட்டி, ஒரு வரிசையின் எந்தக் கல்லையும் தனியாக உருவ முடியாதபடி செய்தார். ராபர்ட் ஸ்டீவன்சனும் பெல் ராக்கில் அந்தப் பூட்டு முறையையே பின்பற்றினார். அது புத்திசாலித்தனமான முறை என்பதில் ஐயமில்லை. அதன் வரைபடங்களைப் பார்ப்பதே ஒரு சுகம். ஆனால் தந்தையின் பெருமைக்குரிய அந்த முறையை மகன் கேள்விக்கு உட்படுத்தினார்.

அவருடைய வாதம் இப்படிப் போகிறது. ஒரு கோபுரம் அலையின் தள்ளுதலுக்கு அசையாமல் நிற்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, துண்டுகளைப் பூட்டி முழுவதையும் ஒரே உடலாக்குவது. மற்றொன்று, அலையால் தள்ள முடியாத அளவுக்கு எடையைக் குவிப்பது. பூட்டின் வலிமை, தாக்குதல் நேரும் அந்தக் கணத்தில்தான் செயலுக்கு வருகிறது. சுண்ணச்சாந்து கரைந்தாலோ பூட்டின் மெல்லிய விளிம்பு உடைந்தாலோ அது குறைந்துபோகும். எடை அப்படியல்ல. அது எந்நேரமும் செயல்படுவது. மூப்பும் தேய்வும் அதைத் தொடுவதில்லை. எனவே கோபுரத்தின் நிலைப்புக்கு முதல் ஆதாரம் எடையாகவே இருக்க வேண்டும்; பூட்டு துணைக்கு மட்டும் வரலாம். இந்த முடிவால் ஸ்கெர்ரிவோரின் கற்களுக்குள் புறாவின் வால்போன்ற பூட்டுகள் இல்லை. கட்டும்போது, மேல் வரிசைகளின் பாரம் ஏறும்வரை கற்கள் அலையில் நகராமல் இருக்க மரமுளைகள் போன்ற தற்காலிகப் பிடிகள் போதும் என்று விட்டுவிட்டார்.

அடுத்த கேள்வி, அந்த எடையை எங்கே வைப்பது என்பது. எல்லாவற்றையும் அடியில் குவித்தால் நிலைப்பு கிடைக்கும். ஆனால் மேற்சுவர் மெலிந்துபோகும், அங்கேதான் அலையின் தெறிப்பும் காற்றும் தாக்கும். மேலே கல்லைக் கூட்டினால் ஈர்ப்பு மையம் உயர்ந்துவிடும், கல்லும் வீணாகும். ஆலன் நான்கு வளைகோடுகளை எடுத்துக்கொண்டார். அவற்றில் பரவளையமும் அதிபரவளையமும் உண்டு. ஒவ்வொன்றையும் அச்சைச் சுற்றிச் சுழற்றினால் கிடைக்கும் கோபுரத்துக்கு எவ்வளவு கல் தேவைப்படும், ஈர்ப்பு மையம் எங்கே விழும் என்று கணக்கிட்டு, பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். கடைசியில் அதிபரவளையத்தைத் தேர்ந்தெடுத்தார். அந்தத் தேர்வின்படி எழுந்த கோபுரத்தின் ஈர்ப்பு மையம் அடியிலிருந்து ஏறக்குறைய 35 அடியில், அதாவது மொத்த உயரத்தில் கால் பங்கில் இருக்கிறது. எடிஸ்டோனில் ஸ்மீட்டன் பயன்படுத்திய கல் 13,343 கன அடி, பெல் ராக்கில் 28,530, ஸ்கெர்ரிவோரில் 58,580. எடையே காக்கும் என்று ஆலன் சொன்னதற்கு இந்த எண்களே சான்று. மரத்தைப் பார்த்து வடிவம் எடுத்த கட்டடக்கலை, எழுபது சொச்சம் ஆண்டுகளில் சமன்பாட்டைப் பார்த்து வடிவம் எடுக்கக் கற்றுக்கொண்ட இடம் இது என்பது என் கருத்து. அந்தச் சமன்பாட்டின் விளைவு முன்மாதிரியைவிட அழகாகவும் அமைந்துவிட்டது.

அடியிலிருந்து 26 அடிவரை கோபுரம் முழுக்கக் கெட்டிக் கல். உள்ளே வெற்றிடமே இல்லை. அந்த உயரத்தில்தான் வாசல். அதை அடைய வெளிப்புறத்தில் ஓர் உலோக ஏணி. உள்ளே அறைகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டவை, ஒவ்வொன்றும் 12 அடி விட்டம். நிலக்கரி அறை, பட்டறை, பண்ட அறை, சமையலறை, படுக்கையறைகள், அவற்றுக்கு மேல் ஒரு நூலகம், எண்ணெய் அறை, எல்லாவற்றுக்கும் மேல் விளக்கறை. அறையின் அளவு மாறாமல் இருக்க, வெளிக்கோடு உள்வாங்க உள்வாங்கச் சுவரின் பருமனே குறைகிறது: கீழே ஒன்பதரை அடி, மேலே இரண்டடி. படுக்கையறைக்கும் எண்ணெய்க்கும் நடுவே ஒரு நூலகத்துக்கு ஒரு முழு அறையை ஒதுக்கியதை நான் பெரிதாக நினைக்கிறேன். ஒரு கன அடிக் கல்லுக்கும் கணக்குப் பார்த்த மனிதர், வாரக்கணக்கில் அங்கே அடைபட்டுக் கிடக்கப்போகும் காவலர்களுக்கு எது தேவை என்பதையும் கணக்கில் சேர்த்திருக்கிறார்.

விளக்கிலும் அவர் சும்மா இருக்கவில்லை. பிரான்சில் அகுஸ்தின் பிரெனல் கண்டுபிடித்த வளைய வில்லைகளைப் பிரிட்டனுக்குக் கொண்டுவருவதில் முன்னின்றவர் ஆலன். பிரெனலின் தம்பி லெயோனோரோடு அவருக்கு நெருங்கிய தொடர்பு இருந்தது. ஸ்கெர்ரிவோரில் நான்கு திரிகள் கொண்ட ஓர் எண்ணெய் விளக்கைச் சுற்றி எட்டு வளைய வில்லைகள் சுழன்றன. கடலில் இருப்பவருக்கு நிமிடத்துக்கு ஒரு பளிச்சொளி தெரிந்தது. வில்லைகளுக்குக் கீழே வீணாகப் போகும் ஒளியையும் அடிவானத்துக்குத் திருப்ப, ஒளியை முழுமையாகப் பிரதிபலிக்கும் பட்டக வளையங்களை வைக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். அந்த அளவில் அவற்றை அதற்கு முன் யாரும் செய்ததில்லை. பாரிஸில் பிரான்சுவா சொலேய் செய்து கொடுத்தார். 1844 பிப்ரவரி 1-ஆம் தேதி விளக்கு ஏற்றப்பட்டது. பெல் ராக்கில் ராபர்ட் விளக்கேற்றியதும் 1811-இல் இதே பிப்ரவரி 1-ஆம் தேதியில்தான்.

கடைசிக் கட்டப் பணிகளை ஆலனின் தம்பி தாமஸ் மேற்பார்த்தார். 1843-இல் தந்தையின் பதவி ஆலனுக்கு வந்ததால் அவர் எடின்பரோவில் இருக்க வேண்டியதாயிற்று. இந்தத் தாமஸ், அலையின் அடியை அளக்க ஒரு கருவி செய்தவர். பாறையில் பொருத்திய இரும்பு உருளை. அதன் முகப்பில் ஒரு வட்டத்தட்டு, பின்னால் ஒரு சுருள்வில். அலை தட்டை உள்ளே தள்ளும்போது கம்பிகளில் மாட்டிய தோல்வளையங்கள் நகர்ந்து, வில் மீண்ட பிறகும் நகர்ந்த இடத்திலேயே நிற்கும். கடல் அடங்கிய பின் போய் அந்த வளையம் நின்ற இடத்தைப் படித்தால், வந்ததிலேயே பெரிய அடி எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஸ்கெர்ரிவோரில் கோடை மாதங்களின் சராசரி சதுர அடிக்கு 611 பவுண்டு, குளிர்காலத்தில் 2,086. 1845 மார்ச் 29-ஆம் தேதிப் புயலில் பதிவானது 6,083 பவுண்டு, அதாவது ஒரு சதுர அடிக்கு ஏறக்குறைய 2¾ டன். கோபுரம் கட்டி முடித்த பிறகுதான் இந்த எண் கிடைத்தது என்பதைக் கவனிக்க வேண்டும். எவ்வளவு அடி விழும் என்று தெரியாமலே, எவ்வளவு விழுந்தாலும் தாங்கும் எடையை ஆலன் வைத்திருந்தார்.

கடலால் செய்ய முடியாததைத் தீ செய்யப் பார்த்தது. 1954 மார்ச் 16-ஆம் தேதி இரவில் மேல்தளங்களில் ஒன்றில் பற்றிய தீ, எண்ணெயும் மரமும் நிறைந்த அறைகள் வழியே கீழ்நோக்கிப் பரவியது. காவலர்கள் படிப்படியாகக் கீழே தள்ளப்பட்டு, வாசலைக் கடந்து பாறைக்கே இறங்க வேண்டியதாயிற்று. மறுநாள் ஆள் மாற்றும் கலம் வரவேண்டிய முறை என்பதால் அவர்கள் தப்பித்தார்கள். உட்பகுதி முற்றிலும் எரிந்து, உள்சுவரின் கருங்கல் வெப்பத்தில் வெடித்துச் சிதைந்திருந்தது. தற்காலிக விளக்குகளை வைத்துச் சமாளித்துக்கொண்டே உள்ளறைகளை மீண்டும் அமைத்து, மின்விளக்கோடு 1959 ஆகஸ்ட் 6-ஆம் தேதி திரும்பவும் ஒளியேற்றினார்கள். 1994 மார்ச் 31 முதல் அங்கே ஆள் கிடையாது, எடின்பரோவிலிருந்து கண்காணிக்கிறார்கள்.

ஆலன் இவ்வளவுக்கும் கொடுத்த விலை பெரிது. நாற்பதுகளிலேயே உடல் செயலிழக்கத் தொடங்கி, 1853-இல் பதவியிலிருந்து விலகி, 1865-இல் இறந்தார். ஹைனிஷில் அவர் அமைத்த கற்கட்டடங்களும் படகுத்துறையும் இன்றும் இருக்கின்றன. அந்தத் துறையில் மணல் சேர்ந்து தூர்ந்துவிடும் என்பதை முன்னரே உணர்ந்து, மேட்டில் ஒரு நீர்த்தேக்கம் கட்டி, ஓதம் வடிந்த நேரத்தில் அந்த நன்னீரை மடை திறந்து பாய்ச்சி மணலைக் கடலுக்குத் தள்ளும் ஏற்பாட்டையும் அவர் செய்துவைத்திருந்தார். ஸ்கெர்ரிவோரைப் பார்க்க டைரீ வரை செல்பவர்கள், பாறைக்குப் படகு கிடைக்காவிட்டால், அந்த மடையையும் கால்வாயையும் பார்க்காமல் திரும்ப வேண்டாம் என்பேன்.